இறுவட்டும் அதன் பூட்டும்

மாந்தைத் துறை பண்டைக்காலத்தில் ஈழத்தின் தலைவாயில்களுள் ஒன்றாய் விளங்கிற்று. மேற்றிசையினின்றும் கீழ்த்திசையினின்றும் வந்த கலங்கள் அங்கே பொருள் இறக்கின. 1980ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வுகளிலே சீனத்து மட்பாண்டத் துண்டுகளும் மேற்காசிய நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் ஓரிடத்தே கிடைத்தன. அத்துறை தூர்ந்து பல நூற்றாண்டுகள் கழிந்தன. ஆயினும் நாற்றிசைப் பொருளும் மன்னாருக்கு வருதல் நின்றபாடில்லை. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் உறவினர் அனுப்பிய பொதிகளிலே நெடுங்காலம் தவறாது இடம்பெற்ற பொருள் ஒன்றுண்டு. அஃது இறுவட்டு.

ஒரு தட்டிலே திருமணம். மற்றொன்றிலே பேத்தியின் அரங்கேற்றம். இன்னொன்றிலே நாம் போய்ச் சேரமுடியாத ஓர் இறுதிச் சடங்கு. இவற்றோடு திரைப்படங்கள், பக்திப் பாடல்கள், பிள்ளைகளுக்கான பாடங்கள். தலைமன்னார் தொடக்கம் முருங்கன் வரை இத்தட்டுகள் அடுக்கி வைக்கப்படாத அலுமாரி அரிது. இன்று ஒருவர் அவற்றுள் ஒன்றை எடுத்துக் கணினியில் இடுகின்றார். அது சுழல்கின்றது, முனகுகின்றது, பின்னர் யாதொன்றையும் காட்டாது நின்றுவிடுகின்றது. அயலில் நிற்பவர் இருவகையாய்த் தீர்ப்புக் கூறுவர். “கொம்பனிக்காரன் பூட்டுப் போட்டுவிட்டான்” என்பார் ஒருவர். “தட்டுப் பழுது, எறிந்துவிடுங்கோ” என்பார் மற்றவர். இருவரும் ஆராய்ந்து கூறியவர் அல்லர். பூட்டிய பெட்டியைப் பழுதென்று எறிதலும் தவறு; நோயுற்ற தட்டைப் பூட்டென்று கைவிடுதலும் தவறு. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியும் முறையை எளிய நடையில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டின் அமைப்பு

டீவீடீ எனப்படும் இறுவட்டு 1996ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 12 சென்ரிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். உண்மையில் அது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு தட்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. செய்தி அவ்விரண்டுக்கும் நடுவே பொதிந்துள்ளது. 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவந்த லேசர்க் கதிர் கீழ்ப்புறமாகப் புகுந்து அதனைப் படிக்கின்றது. ஒரு படையுள்ள தட்டு 4.7 கிகாபைற்றும் இரு படையுள்ள தட்டு ஏறத்தாழ 8.5 கிகாபைற்றும் கொள்ளும்.

தட்டுகள் இருவகைப்படும். ஆலையிலே அச்சுக்கொண்டு அழுத்திச் செய்தது ஒருவகை; கடையில் விற்கும் வெறுந்தட்டை வாங்கிக் கணினியிலோ பதிவுக் கருவியிலோ எழுதிக்கொண்டது மற்றொருவகை. முன்னதன் கீழ்ப்புறம் வெள்ளி போல் ஒளிரும். இரு படையுடையது சற்றுப் பொன்னிறமாயும் இருத்தல் கூடும். பின்னதன் கீழ்ப்புறம் பெரும்பாலும் ஊதாச் சாயல் உடையது. அதனுள் இருக்கும் சாயப்படையைக் கதிராற் சுட்டே செய்தி எழுதப்படுகின்றது.

இந்நிற வேறுபாட்டை வாசகர் நன்கு மனங்கொள்க. திரைப்பட நிறுவனங்களின் பூட்டு வெள்ளித் தட்டுக்கே உரியது. பூட்டின் சாவி தட்டின் உள்விளிம்பை அடுத்த ஒரு பகுதியில் எழுதப்படும். சாதாரண வெறுந்தட்டிலோ அப்பகுதி ஆலையிலேயே நிரப்பப்பட்டு, எவரும் எழுதவியலாதவாறு அடைக்கப்பட்டிருக்கும். ஆதலின் கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர் எழுதிக் கொடுத்த ஊதாத் தட்டு இயங்காவிடின், அதற்குப் பூட்டைக் குறைகூறுதல் பொருந்தாது. அது பூட்டுண்ட தட்டன்று; நோயுற்ற தட்டு.

பூட்டின் இயல்பு

இனிப் பூட்டினைக் கூறுவாம். சீ.எஸ்.எஸ். என்று சுருங்க வழங்கும் மறைகுறியாக்க முறையொன்றினாலே திரைப்படத் தட்டுகளின் செய்தி கலைத்து எழுதப்படுகின்றது. அதனை மீட்டு ஒழுங்குசெய்யச் சாவிகள் வேண்டும். தட்டு முழுவதற்கும் ஒரு சாவியும், அதிலுள்ள படங்களுக்குத் தனிச் சாவிகளும் உண்டு. தட்டுச் சாவியோ 400க்கு மேற்பட்ட தடவை, ஒவ்வொரு தடவையும் வேறொரு சாவியால் மறைக்கப்பட்டு எழுதப்பட்டிருக்கும். ஒரு வீட்டின் திறவுகோலுக்கு நானூறு படிகள் செய்து, அவற்றை நானூறு சிறு பெட்டிகளில் இட்டு, உரிமம் பெற்ற கருவி செய்வோர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும் சாவியைக் கொடுத்தாற் போன்றது அது. உரிமம் பெற்ற கருவி தன் பெட்டியைத் திறந்து, தட்டுச் சாவியை எடுத்து, படத்தைக் காட்டும்.

கணினியிலே இன்னுமொரு காவல் உண்டு. தட்டைச் சுழற்றிப் படிக்கும் பகுதியைச் செலுத்தி என்பர்; பேச்சு வழக்கில் அது டிரைவ். படத்தைக் காட்டுவது மென்பொருள். இவ்விரண்டும் முதலில் ஒன்றையொன்று வினாவி விடைபெற்று, எதிரில் நிற்பவர் நம்பத்தக்கவரே என்று தெளிதல் வேண்டும். அதன் பின்னரே செலுத்தி சாவிகளை வழங்கும். ஆதலினாற்றான், தட்டிலுள்ள கோப்புகளை வன்தட்டுக்கு இழுத்துப் பிரதிசெய்ய முயல்வோருக்குக் கணினி மறுப்புச் சொல்கின்றது. சில வேளை மறுக்காது பிரதி செய்யினும், அப்பிரதியை இயக்கும்போது பல நிறக் கட்டங்கள் சிதறிய காட்சியே தோன்றும். உடல் வந்தது, சாவி வரவில்லை என்க.

இப்பூட்டு வலியதோ எனின், அன்று. அதன் சாவியின் நீளம் 40 இருமவெண் மட்டுமே. 1999இலே அதனை அவிழ்க்கும் சிறு நிரலொன்று உலகெங்கும் பரவிற்று. அதன் தொடர்பிலே யோன் யோகான்சன் என்னும் நோர்வே நாட்டு இளைஞர்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு சனவரியில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டது; மேன்முறையீட்டிலும் அவ்வாண்டு திசெம்பரில் அத்தீர்ப்பே நிலைத்தது. தாம் விலை கொடுத்து வாங்கிய தட்டைத் தம் கணினியிற் பார்த்தல் குற்றமாகாது என்பதே அவர் பக்கத்து வாதத்தின் உயிர்நிலை.

இதனொழியப் பிற பூட்டுகளும் உள. சில தட்டுகளிலே பிரதி செய்யும் கருவியை மயக்குதற்கென்றே பழுதான பகுதிகள் வேண்டுமென்று இடப்பட்டன. வேறு சிலவற்றிலே மக்ரோவிசன் என்னும் தடை உண்டு. தட்டுக் கருவிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே பழைய வீடியோப் பதிவுக் கருவி ஒன்று இணைக்கப்பட்டிருப்பின், படம் மாறி மாறி இருண்டும் வெளுத்தும் தோன்றும். கண்டோர் தொலைக்காட்சி பழுதென்று கலங்குவர். நடுவே நிற்கும் கருவியை விலக்கி நேரே இணைத்தால் அக்குறை நீங்கும்.

வலய எண்

நம்மவர்க்கு மிகுந்த இடர் விளைப்பது சீ.எஸ்.எஸ். பூட்டன்று, வலய எண்ணே. திரைப்படங்கள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு காலத்தில் வெளியாவதால், ஒரு நாட்டிற் சென்ற தட்டு மற்றொரு நாட்டில் ஓடாதிருத்தல் வேண்டும் என நிறுவனங்கள் கருதின. அதற்கென உலகை வலயங்களாகப் பிரித்தன. அமெரிக்காவும் கனடாவும் 1ஆம் வலயம். மேற்கு ஐரோப்பா, மத்திய கிழக்கு, யப்பான் ஆகியன 2ஆம் வலயம். சிங்கப்பூரும் மலேசியாவும் அடங்கிய தென்கிழக்காசியா 3ஆம் வலயம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இலத்தீன் அமெரிக்கா ஆகியன 4ஆம் வலயம். இலங்கை, இந்தியா, இரசியா, ஆபிரிக்காவின் பெரும்பகுதி ஆகியன 5ஆம் வலயம். சீனா 6ஆம் வலயம். வானூர்தி, கப்பல் முதலியவற்றுக்கு 8ஆம் எண் ஒதுக்கப்பட்டது. தட்டின் உறையிலே சிறு பூகோளப் படமும் அதன் நடுவே ஓர் எண்ணும் இருத்தல் காணலாம். அவ்வெண்ணே இது. எல்லா வலயத்துக்கும் உரிய தட்டைப் பூச்சிய வலயத் தட்டு என்பர். சென்னையில் வெளியான தமிழ்த் திரைப்படத் தட்டுகள் பல இத்தன்மையன.

நம் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தமையன் கனடாவில், தமக்கை இலண்டனில், தம்பி கட்டாரில், சிறிய தகப்பனார் மெல்பேணில், தாயும் தந்தையும் பேசாலையில். ஒரே குடும்பம் நான்கு வலயங்களிலே சிதறிக் கிடக்கின்றது. அன்போடு அனுப்பிய தட்டு அனுப்பியவர் வீட்டில் இனிதே ஓடும். பெற்றவர் வீட்டில் ஓடாது. உலகைப் பிரித்துக் கோடு கீறியோர் இப்படியும் ஒரு குடும்பம் உண்டு என்று கருதினார் அல்லர்.

கணினிச் செலுத்தியிலே இவ்வலய எண்ணை மாற்றலாம். ஆனால் ஐந்து தடவை மட்டுமே. 2000ஆம் ஆண்டு தொடக்கம் விற்பனைக்கு வந்த செலுத்திகளில் இக்கணக்கு செலுத்தியின் உள்ளேயே எழுதப்படுகின்றது. ஐந்தாவது மாற்றத்தோடு அது கடைசி எண்ணிலே நிலைத்துவிடும். பணிசெயல் முறைமையை அழித்து மீள நிறுவினும், செலுத்தியைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்தினும் அக்கணக்கு மாறாது. பிள்ளைகள் இதனை அறியாது, ஒரு நாள் கனடாத் தட்டுக்காக ஒன்றையும் மறுநாள் உள்நாட்டுத் தட்டுக்காக ஐந்தையும் மாறி மாறித் தெரிவு செய்து, ஒரு வாரத்திலே ஐந்து வாய்ப்பையும் செலவழித்துவிடுவர். வலயத்தை மாற்றலாமா என்று கணினி கேட்குமிடத்து, எஞ்சிய வாய்ப்புகளின் எண்ணிக்கையையும் அங்கேயே காட்டும். அதனை வாசியாது ‘ஆம்’ என்னும் பொத்தானை அழுத்தற்க.

இதற்கு நேரிய பரிகாரம் யாதெனின், வலயத்துக்கு ஒரு செலுத்தி வைத்துக்கொள்ளுதல். யூ.எஸ்.பி. வடத்தினால் வெளியே இணைக்கும் செலுத்தி ஒன்றை வாங்கி, அதனை 1ஆம் வலயத்திலே நிலைநிறுத்தி, ‘கனடா’ என்று எழுதி ஒட்டிவிடலாம். உள்ளிருக்கும் செலுத்தி 5ஆம் வலயத்திலேயே இருக்கட்டும். இதனால் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

வலயத்தோடு மயங்கும் வேறொன்றும் உண்டு. கனடாவின் தொலைக்காட்சி முறை என்.ரீ.எஸ்.சீ.; அது 525 வரியும் செக்கனுக்கு ஏறத்தாழ 30 சட்டமும் உடையது. நம் நாட்டு முறை பீ.ஏ.எல்.; அது 625 வரியும் 25 சட்டமும் உடையது. வீட்டிலே எழுதிய கனடாத் தட்டில் வலய எண் இல்லாவிடினும், இங்குள்ள பழைய தொலைக்காட்சியில் அது நிறமற்றும் உருண்டும் தோன்றுதல் இதனாலேயே. கணினி இரு முறைகளையும் வேற்றுமையின்றிக் காட்டும். ஆதலின் தொலைக்காட்சியிலே ஓடாதது கணினியில் ஓடுதலும் உண்டு.

காரணம் காணும் முறை

நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் முறையே ஆராய்ந்து பின்னரே மருந்து செய்க என்பது வள்ளுவர் வைத்தியனுக்கு வகுத்த நெறி. கணினிக்கும் அந்நெறி பொருந்தும். பின்வரும் வரிசையைப் பிறழாது கைக்கொள்வோர் பெரும்பாலும் காரணத்தைக் கண்டுகொள்வர்.

முதலாவது, உடன்பாடு எதிர்மறை இரண்டாலும் சோதித்தல். நன்றாக ஓடும் என்று தெரிந்த மற்றொரு தட்டை அதே செலுத்தியில் இடுக. அதுவும் ஓடாவிடின் குற்றம் செலுத்தியிலோ மென்பொருளிலோ உள்ளது. அஃது ஓடின், ஐயத்துக்குரிய தட்டை வேறொரு கணினியில் இடுக. அங்கும் ஓடாவிடின் குற்றம் தட்டிலே. ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாது, கணினியைத் திருத்துமிடத்துக்குச் சுமந்து சென்று பணம் இறுப்போர் பலர்.

இரண்டாவது, தட்டின் முகத்தை நோக்குதல். மன்னார்த்தீவிலே கடற்காற்று ஓய்வதில்லை. அது உப்பீரத்தையும் நுண்மணலையும் வீட்டினுட் கொணர்கின்றது. உறையில்லாது வைத்த தட்டிலே உப்புப் படலம் படிந்திருத்தலைச் சாய்ந்த ஒளியிற் காணலாம். மென்மையான பருத்தித் துணியை நன்னீரில் நனைத்துப் பிழிந்து, தட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க. வட்டமாகத் துடைத்தல் ஆகாது. ஏனெனின் செய்தித் தடம் சுருளாகச் சுற்றிச் செல்வது. வட்டக் கீறல் தடத்தோடு கூடவே ஓடி நெடுந்தூரச் செய்தியைக் கெடுக்கும். குறுக்குக் கீறலோ தடத்தை ஒரு கணம் வெட்டிச் செல்வது. அச்சிறு இழப்பைச் செலுத்தி தானே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெய், தின்னர் முதலியவற்றைத் தொடவே வேண்டா. செலுத்தியினுள் இருக்கும் வில்லையிலும் உப்புத் தூசி படிதல் உண்டு. எல்லாத் தட்டுகளும் தடுமாறின் அதனை ஐயுறுக.

மூன்றாவது, ஊதாத் தட்டாயின் அஃது ‘இறுதிப்படுத்தப்’ பட்டதோ என்று வினாவுதல். வீடியோக் கமராவும் பதிவுக் கருவியும் தட்டை எழுதி முடித்த பின், இதற்கு மேல் எழுதுவதற்கில்லை என முடிவுக் குறியிட்டுப் பொருளடக்கத்தை எழுதுதல் வேண்டும். அது செய்யப்படாத தட்டு எழுதிய கருவியில் மட்டுமே ஓடும்; கணினிக்கு வெறுந்தட்டு போலத் தோன்றும். அதனை வெறுந்தட்டென்று எண்ணி மேலே எழுதிவிடற்க. எழுதிய கருவியையோ அவ்வகைக் கருவியையோ தேடிப் பிடித்து இறுதிப்படுத்தினால், இழந்ததாக எண்ணிய திருமணம் மீண்டும் கண்முன் நிகழும்.

நான்காவது, கணினி தட்டின் கோப்புறைகளைக் காட்டுகின்றதோ என்று பார்த்தல். ‘வீடியோ ரீஎஸ்’ என்னும் கோப்புறை தெரிந்தும் படம் ஓடாவிடின், பெரும்பாலும் மென்பொருளே குறை. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 தொடக்கம், டீவீடீப் படம் காட்டும் பகுதி பணிசெயல் முறைமையோடு உடன் தரப்படவில்லை. ஆதலின் பழைய கணினியில் ஓடிய தட்டுப் புதிய கணினியில் ஓடாமை வியப்பன்று. விலைக்குக் கிடைக்கும் மென்பொருள்களும் உள. விலையின்றிக் கிடைப்பனவும் உள. பின்னவற்றுள் பெயர்பெற்றது வீ.எல்.சீ. அது 1996இலே பாரிசிலுள்ள பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர் முயற்சியாகத் தொடங்கியது. எனினும் சீ.எஸ்.எஸ். பூட்டை உரிமமின்றித் திறக்கும் பகுதி அதனோடு சேர்ந்து வருவதால், அதன் சட்டநிலை நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதும் அறியத்தக்கது.

ஐந்தாவது, வலய எண்ணை ஒப்பிடுதல். உறையிலுள்ள எண்ணையும் செலுத்தியின் எண்ணையும் பார்க்க. விண்டோஸிலே சாதன முகாமையைத் திறந்து, இறுவட்டுச் செலுத்தியின் இயல்புகளைக் கேட்டால், வலய எண்ணும் எஞ்சிய மாற்றங்களும் தெரியும்.

ஆறாவது, பிரதித்தடை பற்றிய செய்தி திரையில் தோன்றின், கணினியின் சுற்றுச்சார்பை நோக்குதல். திரையைப் பதிவுசெய்யும் மென்பொருள் ஏதேனும் இயங்கிக்கொண்டிருப்பினும், பழைய தொலைக்காட்சி வடம் இணைக்கப்பட்டிருப்பினும், படம் காட்டும் மென்பொருள் சில அஞ்சி மறுத்துவிடும். அவற்றை நிறுத்தி, கழற்றி, மீண்டும் முயல்க. மென்பொருளையும் திரையட்டைக்குரிய நிரலையும் புதுப்பித்தலும் நன்று.

ஏழாவது, படம் தொடங்கி நடுவழியில் உறைந்து நிற்பின், அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுதல். இரு படைத் தட்டாயின், ஒரு படையினின்று மற்றொன்றுக்குக் கதிர் மாறும் இடம் நடுவிலே வரும். தேய்ந்த செலுத்தி அங்கே இடறும். வேறொரு செலுத்தியில் இடறாவிடின் தட்டு நன்றே. எங்கும் ஒரே இடத்தில் நிற்பின் அங்கே கீறல் உண்டு. அல்லது மேலே கூறிய செயற்கைப் பழுது உண்டு.

இவ்வேழும் கடந்தும் திறவாத வெள்ளித் தட்டையே பூட்டுண்டது எனலாம். ஊதாத் தட்டாயின் அனுபவமுள்ள தொழினுட்பர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம், எறிந்துவிடல் தகாது.

சட்டமும் முறைமையும்

நிற்க. பூட்டுண்டது என்று தெளிந்த பின் செய்யத்தக்கது யாது? உடைத்துவிடலாம் என்று மாணவர் எளிதிற் கூறுவர். இலங்கையிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பிரதித்தடையை முறியடித்தற்கென்றே சிறப்பாக அமைந்த கருவிகளை விற்றற்கோ வாடகைக்கு விடுதற்கோ செய்தலையும் இறக்குமதி செய்தலையும் அது முறையற்ற செயலாகக் கொள்கின்றது. திறனாய்வு, கற்பித்தல், ஆராய்ச்சி முதலியவற்றின் பொருட்டு நியாயமான பயன்பாட்டையும் அச்சட்டமே ஏற்கின்றது. அமெரிக்காவிலும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டுடைத்தலைத் தடுக்கின்றது. எனினும் மூன்றாண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குகள் ஆராயப்பட்டு, ஆசிரியர் தம் வகுப்புக்கெனத் திரைப்படத்தின் சிறு பகுதிகளை எடுத்தற்கு இடம் தரப்பட்டுள்ளது. காவலும் வேண்டும், கல்வியும் வேண்டும் என்பதே இவற்றின் கருத்து.

பதிப்புரிமையைப் பிறநாட்டுப் பெருநிறுவனத்தின் உரிமையாக மட்டும் எண்ணுதல் தவறு. நம் மண்ணிலே நாதசுரம் வாசித்தவரும், கூத்துப் பழக்கிய அண்ணாவியாரும், பாடல் எழுதியவரும் அவ்வுரிமைக்கு உரியர். அவர்தம் தட்டை ஒருவர் வாங்கி நூறு பேருக்குப் பிரதி செய்து கொடுப்பாராயின், அடுத்த தட்டு வெளிவாராது. ஆதலின் விற்பனைத் தட்டைப் பிரதி செய்து பரப்புதலை நாம் ஆதரித்தல் கூடாது.

எனினும் பூட்டுவோர்க்கும் ஒரு முறைமை உண்டு. 2005ஆம் ஆண்டிலே சொனி பீ.எம்.ஜீ. நிறுவனத்தின் இசைத்தட்டுகள் சில, கணினியில் இட்ட மாத்திரத்தே மறைவான மென்பொருள் ஒன்றை அதனுட் புகுத்தியமை வெளியாயிற்று. வாங்கியவரின் கணினி அதனாற் பாதுகாப்பிழந்தது. பெருங் கண்டனத்தின் பின் நிறுவனம் அத்தட்டுகளைத் திரும்பப் பெற்றது. தன் சரக்கைக் காக்க வந்தவன் வாங்கியவன் வீட்டுக் கதவைக் கழற்றிவைத்த கதை இது. தட்டை இட்டவுடன் தானே எதனையும் நிறுவாதவாறு கணினியை அமைத்துவைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

பூட்டின் ஆயுளும் பொருளின் ஆயுளும்

இவை யாவற்றினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது ஒன்றுண்டு. பூட்டைச் செய்தவன் மறைந்தாலும் பூட்டு மறைவதில்லை. முன்னாளிலே விளையாட்டு மென்பொருள்கள் பல சேவ்டிஸ்க் என்னும் பூட்டோடு வெளிவந்தன. 2015இல் வந்த விண்டோஸ் 10 அப்பூட்டுக்கு உரிய நிரலை ஏற்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிய தட்டுக் கையில் இருக்கின்றது; கீறலும் இல்லை; எனினும் அது திறவாது. திறவுகோல் செய்வோன் கடையை மூடிப் போய்விட்டான். இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளுட் பெரும்பாலானவற்றில் இறுவட்டுச் செலுத்தியே இல்லை. ஊதாத் தட்டின் சாயமோ வெயிலிலும் வெப்பத்திலும் மெல்ல மங்குகின்றது. ஆக, பூட்டு ஒருபுறம், கருவியின் மறைவு ஒருபுறம், தட்டின் மூப்பு ஒருபுறம் என முத்திசையிலும் காலம் நெருங்கிவருகின்றது.

இழப்பின் பொருள் யாதென்று மன்னார் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1990இலே தீவை இணைத்த பாலம் தகர்ந்தது. தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. தமிழரும் முஸ்லிம்களும் வீடு வாசல் விட்டு வெவ்வேறு திசைகளிலே போயினர். போகும்போது நிழற்படத் தொகுப்பை எடுத்துச் சென்றோர் எத்தனை பேர்? பாலம் 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. புகையிரதம் 2015இல் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. இரும்பையும் கொங்கிறீற்றையும் திரும்ப இடலாம்; போன முகத்தைத் திரும்ப இடுதல் இயலாது. இன்று பல குடும்பங்களில், மறைந்த தாயின் நடையையும் குரலையும் காட்டுவது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே ஒரு தட்டாகவே இருக்கும். மாதோட்டப் பாங்கிலே கூத்துப் பாடிய அண்ணாவியார் ஒருவரின் குரலும் அவ்வாறே ஒரு தட்டில் மட்டும் தங்கியிருத்தல் கூடும்.

ஆதலின் இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் செய்யத்தக்க பணிகள் சிலவற்றை முன்வைக்கின்றேன். முதற்கண், வீட்டிலுள்ள தட்டுகளை ஊதா, வெள்ளி என இரண்டாகப் பிரிக்க. ஊதாத் தட்டுகளே முதலிற் கவனிக்கத்தக்கன, அவை ஒற்றைப் பிரதிகள், பூட்டற்றவை, விரைவில் மங்குபவை. அவற்றின் உள்ளடக்கத்தை வன்தட்டிலே பிரதி செய்து, மற்றொரு பிரதியைத் தீவுக்கு வெளியே வாழும் உறவினரிடம் வைக்க. பிரதி செய்தபின் திறந்து பார்க்க. திறந்து பாராத பிரதி பிரதியன்று. வெள்ளித் தட்டுகளை உறையோடு பேணி, அவற்றின் வலயத்துக்குரிய செலுத்தி ஒன்றையும் உடன் வைத்துக்கொள்க. உரிமையாளர் அதே படத்தை வேறு வடிவில் விற்பாராயின், அதனை வாங்குதலே நேரிய வழி. ஊர்ப் பொதுவான கூத்து, விழா, சொற்பொழிவு முதலியவற்றின் பதிவுகளை, உரியவரின் இசைவு பெற்று, பேணும் நிறுவனங்களிடம் சேர்ப்பிக்கலாம். நூலக நிறுவனம் 2005ஆம் ஆண்டு தொடக்கம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கிப் பேணிவருதல் பலரும் அறிந்ததே.

இனிமேற் பதிவு செய்விப்போர் படப்பிடிப்பாளரிடம் நான்கு கேட்டுப் பெறுக: தட்டு இறுதிப்படுத்தப்படல் வேண்டும், வலய எல்லையும் பூட்டும் இருத்தல் ஆகாது, மூலக் கோப்புகளும் தரப்படல் வேண்டும், தட்டின் மேற்புறத்திலே அதற்குரிய பேனையால் நிகழ்ச்சியின் பெயரும் திகதியும் எழுதப்படல் வேண்டும். பெயரற்ற தட்டு முகவரியற்ற கடிதத்தை ஒக்கும்.

நம் கல்லூரியின் பரிசளிப்பு விழா, நாடகம், விளையாட்டுப் போட்டி ஆகியவற்றைப் பதிந்த தட்டுகள் உலகின் எம்மூலையில் எவரிடம் உளவோ, நாம் அறியோம். அவற்றிலே இன்று நம்மிடை இல்லாத ஆசிரியர் பேசிக்கொண்டிருப்பர். இன்று தலை நரைத்தோர் அரைக்காற் சட்டையோடு ஓடிக்கொண்டிருப்பர். இம்மலரைக் கையிற்கொண்ட அன்பர் ஒவ்வொருவரும், படித்து முடித்தபின் அலுமாரியைத் திறந்து, ஒரு தட்டையேனும் எடுத்துத் துடைத்துக் கணினியில் இட்டுப் பார்ப்பாராக.